கப்பல் வராத கார்த்திகை

வேகன் கதவைத் திறந்தபோது உள்ளே இருட்டும் தவிட்டு வாசனையும்தான் இருந்தன.

ஆம்பூர் ரயில் நிலையத்தின் கூட்ஸ் ஷெட். கார்த்திகை மாதத்துக் காலை. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மலைகள் இடுப்பு வரை பனிக்குள் நின்றன. அடிவாரம் இல்லாமல் உச்சி மட்டும் தெரிந்ததால், அவை எங்கேயோ மிதந்து போய்க்கொண்டிருப்பது போல இருந்தது. எனக்குப் பின்னால் ஆறு மாட்டு வண்டிகள் பாரம் ஏற்றிக்கொள்ள வந்து நின்றன. மாடுகள் தலையை ஆட்டும்போது மணிச் சத்தம் கேட்டது. வேறு சத்தமே இல்லை.

கூட்ஸ் குமாஸ்தா கையிலிருந்த காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பட்டை இல்ல மேஸ்திரி. மெட்ராஸ்லயே ஏத்தலையாம். கப்பலே வரலையாம்."

"எப்ப வருமாம்?"

"அது எனக்கு எப்படிய்யா தெரியும்? நான் ரயிலுக்குத்தான் குமாஸ்தா."

அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக இதே பதிலைக் கேட்டேன். வண்டிக்காரர்களைப் பார்க்கத் தைரியமில்லாமல் மலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். காதர் சாயபுவின் தோல் பதனிடும் கூடத்தில் மேஸ்திரி. என் மனைவி எஸ்தர் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த வருஷம் அது.

கடல் கடந்த வாசனை

இந்தத் தொடரைப் படித்துவரும் சிலர், தோல் எப்படிப் பதமாகிறது என்று நான் ஒழுங்காகச் சொல்லவே இல்லை என்று குறைப்பட்டு எழுதியிருந்தார்கள். பாதி ஆயுளை அந்த வாடையில் கழித்தவனுக்கு, அது தெரியாதவர்களும் இருக்கிறார்கள் என்பது மறந்துபோகிறது.

பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டால் முடி கழலும். பிறகு சதையைச் சீவி, மரப்பட்டை ஊறிய தண்ணீரில் வாரக் கணக்கில் போட்டுவைப்போம். அந்தப் பட்டைச் சாறு உள்ளே இறங்கினால்தான் தோல் அழுகாமல் நிற்கும். பட்டை இல்லையென்றால் அது வெறும் மாமிசம்தான்.

எங்கள் பக்கத்தில் ஆதிகாலம் தொட்டு ஆவாரம் பட்டைதான். தரிசு கண்ட இடமெல்லாம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடி. அதன் குச்சியைத் தட்டி உரித்த பட்டை. காதர் சாயபுவின் தகப்பனார் அதை வைத்துத்தான் நாலு குழியோடு தொழிலைத் தொடங்கினார்.

பிறகு கப்பல் பட்டை வந்தது. அதற்கு வாட்டில் என்று இங்கிலீஷ் பெயர். எங்கள் ஆட்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் என்கிற சீமையிலிருந்து கோணிப்பைகளில் வரும். கருஞ்சிவப்பு. கையில் எடுத்தால் கனமாக இருக்கும். பாதி அளவு போட்டாலே தண்ணீர் சிவந்துவிடும். நாட்டுப் பட்டையில் ஒரு மாதம் கிடக்க வேண்டிய தோல் அதில் சீக்கிரமே பதமாகிவிடும்.

அந்த மூட்டைகளைப் பிரிப்பது எனக்குப் பிடித்த வேலை. பழைய வெல்லமும் ஈர மரமும் கலந்த மாதிரி ஒரு வாசனை கிளம்பும். அதை மூச்சு நிறைய இழுத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பேன். என் தாய்மாமன் கரும்புத் தோட்ட வேலைக்கென்று அந்தச் சீமைக்குத்தான் கப்பலேறிப் போனார். திரும்பி வரவில்லை. ஒரு முறை மூட்டையின் வாயைக் கட்டியிருந்த முடிச்சு, எங்கள் ஊர்ப் பெண்கள் புல்லுக்கட்டுக்குப் போடுகிற சுருக்கு மாதிரியே இருந்தது. அதை அவிழ்க்க மனம் வராமல் அறுத்தெடுத்துக் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். அந்த ஊரிலும் காலையில் இப்படிப் பனி இறங்குமா, பட்டை உரிக்கிறவர்கள் தமிழில் பேசிக்கொண்டு உரிப்பார்களா என்றெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கப்பல் பட்டை வந்த பிறகு ஆம்பூர் மளமளவென்று வளர்ந்தது. நாலு குழி இருபது குழியாயிற்று. பாலாற்றங்கரையில் புதுக் கூரைகள் முளைத்தன. காப்பி ஓட்டல் இரண்டு வந்தது. வேலூர் லாங் பஜாரில் மட்டுமே கிடைத்த சாமான் எல்லாம் எங்கள் கடைத்தெருவிலேயே கிடைத்தது. எனக்கும் மேஸ்திரி வேலை கிடைத்து, அதன் பேரில்தான் எஸ்தரைக் கட்டிக்கொடுத்தார்கள்.

வேண்டாம் என்று சொல்லப் போனது

இதற்கெல்லாம் நடுவில் ஒரு காரியம் செய்தேன். இத்தனை வாரமாக அதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஏலகிரி மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். அங்கிருந்து இருபது பெண்கள் எங்களுக்கு ஆவாரம் பட்டை உரித்து, வாரம் ஒரு வண்டி அனுப்புவார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் கன்னியம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நெடுநெடுவென்று உயரம். நின்றுகொண்டேதான் பேசுவாள்.

கப்பல் பட்டை தங்குதடையில்லாமல் வர ஆரம்பித்ததும், இனி நாட்டுப் பட்டை வேண்டாம் என்று சொல்லச் சாயபு என்னை அனுப்பினார். நான் மேஸ்திரி ஆன புதிது. தலைப்பாகை கட்டிக்கொண்டு போனேன்.

பாறை மேல் பட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா மேஸ்திரி, பட்டை நல்லா இல்லையா?"

"நல்லாத்தான்க்கா இருக்குது."

"அப்பால இன்னா?"

"கப்பல்ல வருதுக்கா. அதுல வேல சீக்கிரமா ஆவுது."

"கப்பலு எங்கேருந்து வருது?"

"ரொம்ப தூரம். கடலுக்கு அந்தாண்ட."

அவள் மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியாடி? கடலுக்கு அந்தாண்டேருந்து வர்றது சீக்கிரமாம். மலையடிவாரத்துலேருந்து போறதுதான் லேட்டாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி நடக்கும்போதுதான், நான் சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது.

சுண்ணாம்புக் குழிக்குள்

ஸ்டேஷனிலிருந்து வெறும் வண்டிகளோடு திரும்பிய அந்தக் காலைக்கு வருகிறேன்.

காதர் சாயபு கூடத்து வாசலிலேயே நின்றார். மெலிந்த உடம்பு, வெள்ளைத் தொப்பி, மூக்கின் நுனியில் கண்ணாடி. வண்டிகளின் சத்தத்தை வைத்தே பாரம் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார்.

சுண்ணாம்புக் குழிகளில் தோல் நிறைந்து கிடந்தது. அதை அங்கே எத்தனை நாள் விடலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. தாண்டினால் சுண்ணாம்பு தோலைத் தின்ன ஆரம்பித்துவிடும். கடைசிக் குழியிலிருந்து ஒரு தோலைக் கோலால் தூக்கினேன். ஓரம் பாலாடை மாதிரி வழிந்தது.

"பக்கத்துல யார்கிட்டயாவது பத்து மூட்டை கேட்டுப் பார்த்தியா?" என்றார் சாயபு.

"கேட்டேன் மொதலாளி. எல்லார்கிட்டயும் வெறும் கோணிதான் இருக்குது. வாணியம்பாடியிலயும் இதே பேஜாருதான்."

கப்பல் ஏன் வரவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அங்கே துறைமுகத்தில் வேலை நிறுத்தம் என்றார்கள். காட்டில் தீ என்றார்கள். அதிக விலைக்கு வேறு நாட்டுக்காரன் வாங்கிவிட்டான் என்றார்கள். எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எங்களால் என்ன செய்திருக்க முடியும்?

எத்தனை பேருடைய அடுப்பு அந்த மூட்டைகளை நம்பி எரிந்தது என்பது அந்த வாரம்தான் புரிந்தது. தோல் வேலை நின்றதும் சுண்ணாம்புக்காரன் வரவில்லை. ஜவ்வாது மலையிலிருந்து தோலுக்குப் போடும் கடுக்காய் கொண்டுவருகிறவன் மூட்டையை இறக்காமலேயே திரும்பிப் போனான். காப்பி ஓட்டலில் ஒரு அடுப்பை அணைத்துவிட்டார்கள். சந்தையில் காய்கறி வாடிக் கிடந்தது. எங்கள் கூடத்தில் வேலை செய்த நாற்பது குடும்பங்களில் மூன்று, சட்டி பானையோடு மெட்ராஸுக்கு ரயிலேறின. அவர்கள் திரும்பி வரவே இல்லை.

மத்தியானம் சாயபு என்னைக் கூப்பிட்டார். குழியின் விளிம்பில் நின்று தண்ணீரையே பார்த்தபடி, "அந்த ஏலகிரி பொம்பளைங்க..." என்று தொடங்கினார்.

"போறேன் மொதலாளி" என்றேன்.

ஏழு பேர்

மறுநாள் காலை பாசஞ்சரில் ஜோலார்பேட்டைக்குப் போய் இறங்கி நடந்தேன். மலை முழுக்க மேகம். வழியெல்லாம் ஆவாரம் பூவின் மஞ்சளைத் தேடிக்கொண்டே போனேன். முன்பு மஞ்சள் பூத்துக் கிடந்த மேட்டில் இப்போது வேர்க்கடலைக் கொடி பச்சையாகப் படர்ந்திருந்தது. பட்டை வாங்க ஆள் இல்லையென்றானதும், செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு நிலத்தைக் கடலைக்குத் திருத்திவிட்டார்கள். அந்தக் கடலையும் கப்பலுக்குத்தான் போகிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

கன்னியம்மா கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். குனிந்து வேலையைத் தொடர்ந்தாள். அந்த வரிசை முடியும்வரை வரப்பில் நின்றேன். இந்தத் தடவை தலைப்பாகை கட்டிக்கொள்ளவில்லை.

"ஊர்ல யாரும் இல்லியாக்கா?" என்று கேட்டேன். தெரு அவ்வளவு வெறிச்சென்று இருந்தது.

"பாதிப் பேரு கோலார் தங்கவயலுக்குப் போய்ட்டாங்க. எங்க வூட்டுக்காரரும் அங்கதான். பட்டை உரிக்கத் தெரிஞ்ச கை ஏழு இருக்குது." களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "கப்பலு வரலையா?"

அவளுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. என் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"வரலக்கா. தோலெல்லாம் சுண்ணாம்புல கெடக்குது. இன்னும் ரெண்டு வாரம் போனா எல்லாம் போச்சு."

"நாங்க இன்னா ஸ்டேஷன் கொழாயா மேஸ்திரி? வேணும்னா தொறக்கவும் வேணாம்னா மூடவும்?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் விடவில்லை.

"நாளைக்கே கப்பலு வந்துட்டா? இந்தக் களை வெட்டுற வேலையும் போயி, அதுவும் போயி நிக்கணும் நாங்க."

"அப்பிடி ஆவாதுக்கா. நான் சொல்றேன்."

"உன் சொல்ல வெச்சி நான் இன்னா பண்றது? போன தடவ வேணாம்னு சொல்ல வந்ததே நீதானே?"

வரப்பிலிருந்து இறங்கினேன். "இனிமே வேணாம்னு சொல்ல நான் வரமாட்டேன்க்கா. அது மட்டும்தான் என் கையில இருக்குது" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். மேகத்தின் நிழல் கடலைக் காட்டின் மேல் மெதுவாக ஊர்ந்து போனது. பிறகு வேறு குரலில் கேட்டாள்.

"அங்க வேல இல்லாம எத்தினி பேரு குந்திக்கினு இருக்காங்க?"

"நாப்பது குடும்பம். மூணு ஊர விட்டே போய்ட்டாங்க."

"புள்ளைங்கல்லாம் இன்னா சாப்புடுது?"

அவள் களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஏறினாள். "செடி எங்க மிச்சம் இருக்குதுன்னு எனக்குத் தெரியும். சுடுகாட்டு மேட்டுல ஒருத்தரும் ஏர் ஓட்டல. ஏரிக்கரைக்குப் பின்னாண்ட கொஞ்சம். ரயிலு ரோட்டு ஓரத்துல ஜாஸ்தி."

மஞ்சள் பத்து நாட்கள்

அந்தப் பத்து நாட்கள் கனவு மாதிரிதான் நினைவில் இருக்கின்றன. ஊருக்குத் திரும்பி, வேலை இல்லாமல் இருந்த எங்கள் ஆட்களில் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழு பெண்களும் உரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தோலோடு வாழ்ந்த ஆண்கள், அந்தத் தோலைக் காப்பாற்றும் செடியை முதல் தடவையாகக் கையால் தொட்டார்கள்.

மழை குடித்த செடி. இரண்டு தட்டுத் தட்டினால் பட்டை வழுக்கிக்கொண்டு வரும். உரித்த குச்சி எலும்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். விரலெல்லாம் பிசுபிசுத்துக் கறுத்தது. ரயில் போகும்போது எல்லாரும் விலகி நிற்போம். உதிர்ந்த மஞ்சள் பூக்கள் அந்தக் காற்றில் எழும்பி எங்கள் தலைமேல் இறங்கும். லைனைப் பார்த்துக்கொள்ளும் கேங் மேஸ்திரி ஒரு நாள் வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "செடி வளர்ந்தா நாங்கதான் வெட்டணும். வெட்டுங்க வெட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காய வைக்க நேரமில்லை. பச்சையாகவே வண்டியில் ஏற்றி அனுப்பினோம். முதல் வண்டி கூடத்துக்குள் நுழைந்தபோது எஸ்தர் உட்படத் தெருவே நின்று பார்த்ததாம். மூன்று குழித் தோல் அதற்குள் கெட்டுப்போயிருந்தது. அதைப் பாலாற்று மணலில் புதைத்தார்கள். மற்றதெல்லாம் பிழைத்தது. அதன் பிறகும் ஏழு பெண்களும் பட்டை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

பொங்கல் தாண்டி ஒரு வாரம். கப்பல் வந்துவிட்டது.

மூன்றாம் தடவை

வேகன் நிறையக் கோணிகள். வண்டிக்காரர்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அன்றே சாயபு என்னைக் கூப்பிட்டார்.

"கன்னியம்மாவுக்குச் சொல்லிடு மேஸ்திரி. ரொம்ப ஒதவி பண்ணாங்க. இனிமே போதும்னு."

"நான் போகமாட்டேன் மொதலாளி."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவரிடம் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

"போகமாட்டேன்னா?"

"வேணாம்னு சொல்ல வரமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன். வேற ஆள அனுப்புங்க. இல்ல, வேற மேஸ்திரியப் பாருங்க."

போ என்று கையைக் காட்டினார். வேலை போய்விட்டது என்றுதான் வீட்டுக்கு வந்தேன். எஸ்தருக்கு அது எட்டாம் மாதம். நடந்ததைச் சொன்னேன். சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். "சரி, அரக்கோணத்துல எங்க அண்ணன் இருக்குது. லோகோ ஷெட்டுல கேப்போம்" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் வாசலில் சாயபுவே நின்றார். கறுப்புக் கோட்டு, வெளுத்த தொப்பி.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே சொல்லிக்கிறேன். வழி மட்டும் காட்டு."

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வாணியம்பாடி தாண்டிய பிறகு, தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்: "எங்க அப்பா நாலு குழிதான் வெச்சிருந்தார். எனக்கு இருவது. ஆனா அவர் ஒரு நாளும் கப்பல் வருமான்னு கேட்டுக்கிட்டு ஸ்டேஷன்ல நின்னதில்ல."

அடிவாரத்தில் வெயில் இளசாக இருந்தது. பாறை முழுக்கப் பட்டை காய்ந்துகொண்டிருந்தது. சாயபு குனிந்து ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார். ஓரத்தைக் கடித்துப் பார்த்து, துவர்ப்பில் முகம் சுளித்தார். கன்னியம்மா ஒரு முறத்தில் அவித்த கடலையைக் கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் இருவரும் உட்கார்ந்து தின்றோம். அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"கப்பலு வந்துடுச்சா சாயபு?"

"வந்துடுச்சிம்மா."

"வேணாம்னு சொல்ல வந்தீங்களா?"

சாயபு உரித்துக்கொண்டிருந்த கடலையைக் கீழே வைத்தார். பின்னால் ஆறு பெண்களும் தட்டுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அதுக்குத்தான் வந்தேன்" என்றார். நல்ல மனுஷர், அவருக்குப் பொய் சொல்ல வராது. பிறகு பாறையைப் பார்த்தார். "வாரத்துக்கு ஒரு வண்டி வருமா? கப்பல் வந்தாலும் வரலைனாலும். அஞ்சு குழி உங்க பட்டைக்குன்னு ஒதுக்கிடறேன்."

"ஏழு பேருக்கு அது கம்மிதான்" என்றாள் கன்னியம்மா. "இருக்கட்டும். செடி மறுபடி மொளைக்கணுமே. வரும் சாயபு."

அது கம்மிதான். அந்த வருஷமே இரண்டு பெண்கள் தங்கவயலுக்குப் போய்விட்டார்கள்.

புறப்படும்போது அவள் எங்களோடு மேடு வரைக்கும் நடந்து வந்தாள்.

"ஒண்ணு சொல்றேன். நாளைக்கு வேணாம்னு தோணுச்சுன்னா மேஸ்திரிய அனுப்பாதீங்க. இதே மாதிரி நீங்களே வந்து, குந்தி, எங்க மூஞ்சப் பார்த்துச் சொல்லணும்."

"நானே வர்றேன்மா" என்றார் காதர் சாயபு.

வாரா வாரம் வண்டி வந்தது. அவர் உயிரோடு இருந்தவரை, வேண்டாம் என்று சொல்ல அந்த ஊருக்கு மறுபடியும் போகவே இல்லை.